வானொலிப் பதிவுகளுக்குத் தானாகப் பெயர் வைத்து அடுக்குவது எப்படி? 9,412 கோப்புகள் காத்திருக்கின்றன

கொல்லிடக்கரை
2025 ஜூன் 3, இரவு 9.42

வணக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 81 வயது. கண்பார்வை மங்கிய பிறகு அவருக்குச் செய்தித்தாள், கச்சேரி, பேச்சுத்துணை எல்லாமே வானொலிதான். அவர் கண்ணயரும் நேரத்து நிகழ்ச்சிகள் தவறக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் ஒரு சிறு கணினிப் பலகை வாங்கினேன். ஆகாசவாணியின் திருச்சி, சென்னை இணைய ஒலிபரப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் பதிவு செய்யும். கிரான் என்ற நேர அட்டவணை நிரல் அதை நேரத்துக்கு எழுப்பிவிடும். ஒவ்வொரு பதிவும் 65 நிமிடம்.

இன்றைய நிலவரம்: வன்தட்டில் 9,412 கோப்புகள். எல்லாம் ‘ரெக்_20220914_1820’ என்ற வகையில். அப்பா கேட்பதோ இப்படி: "கரும்பில் குருத்துப்பூச்சி பற்றி ஒருவர் பேசினாரே, மழை பெய்த அன்று, அதைப் போடு." ஒரு மணி நேரம் தேடுகிறேன்.

என் மகள் பொறுமையாக 600க்கு மேற்பட்ட கோப்புகளைக் கேட்டு, எம்பி3 டேக்கில் (கோப்புக்குள்ளேயே தங்கும் விவரக் குறிப்பில்) தமிழில் தலைப்பு எழுதிவைத்திருக்கிறாள். பெயரை அவள் தொடவில்லை. அதிலும் ஒரு புதிர்: ‘ஸ்ரீ’ என்று தேடினால் பாதிதான் வருகிறது.

நிலையம், நிகழ்ச்சி, தேதி மூன்றும் பெயரிலேயே இருக்க வேண்டும். கோப்புறைகளும் தானாக அமைய வேண்டும். ஓர் இலவச மென்பொருளை நம்பி 40 கோப்புகளைக் கொடுத்துப் பார்த்தேன். 001, 002 என்று எண் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. நல்லவேளை, அவற்றின் நகல் இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது?

---

சிற்றலை வேட்டை
2025 ஜூன் 3, இரவு 10.15

எதையும் தொடாதீர்கள். முதலில் முழு வன்தட்டையும் இன்னொன்றில் நகல் எடுங்கள். கோப்புகளின் ‘திருத்தப்பட்ட நேரம்’ அப்படியே தங்கும்படி நகலெடுக்க வேண்டும். கைப்பேசி வழியாக இழுத்துப் போட்டால் அந்த நேரம் பல சமயம் அழிந்துவிடும்.

பிறகு இதற்குப் பதில் சொல்லுங்கள்: பெயரில் உள்ள 1820 எந்த ஊர் நேரம்? நீங்கள் நம்புவதைக் கேட்கவில்லை, சரிபார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

---

ஒலிக்கீற்று
2025 ஜூன் 4, காலை 7.03

சிங்கப்பூரிலிருந்து. நான் ஒலி 96.8 நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். என் அனுபவத்தில் பெயர் மாற்றுவதே வீண் வேலை. உங்கள் மகள் செய்ததுதான் சரி. எல்லாவற்றையும் டேக்கில் எழுதிவிடுங்கள். எம்பி3டேக் போன்ற ஒன்றில் நூறு கோப்புகளை ஒரே மூச்சில் தேர்ந்தெடுத்து நிலையம், நிகழ்ச்சி, ஆண்டு என்று நிரப்பலாம். கேட்கும் செயலி அதைப் பார்த்துத் தானே அடுக்கிக்கொள்ளும். கோப்பின் பெயரை யார் பார்க்கிறார்கள்?

---

சிற்றலை வேட்டை
2025 ஜூன் 4, காலை 8.20

வன்தட்டு பழுதாகி, மீட்பு மென்பொருள் குப்பையிலிருந்து கோப்புகளை அள்ளித் தரும் நாளில் யார் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

அதைவிட அவசரமான ஒன்று. டேக் எழுதும் ஒவ்வொரு முறையும் கோப்பு திருத்தப்படுகிறது. பதிவு எப்போது முடிந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி அந்தத் திருத்த நேரம்தான். டேக் எழுதினால் சாட்சி போயிற்று. கொல்லிடக்கரை, உங்கள் மகள் தொட்ட 600 கோப்புகளின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். அவளைத் திட்ட வேண்டாம். இது யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. திருத்த நேரத்தை மாற்றாமல் காக்கும் அமைப்பு சில டேக் மென்பொருட்களில் உண்டு, ஆனால் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும்.

பழைய டேக் முறைக்கு இன்னொரு குறை: எம்பி3 டேக்குக்கான ஐடி3 முறையின் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு. பத்துக் குறியீட்டுக்குள் நிகழ்ச்சியின் பெயரை அடக்கிப் பாருங்கள்.

---

ஒலிக்கீற்று
2025 ஜூன் 4, காலை 9.11

முதல் பதிப்பை இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? 2.3 பதிப்பில் அந்தத் தொல்லை இல்லையே. ஆனால் திருத்த நேரம் பற்றிச் சொன்னது உண்மை. அதை நான் யோசித்ததில்லை. என் பதிவுகளில் தேதியும் டேக்கில் இருப்பதால் தப்பித்தேன்.

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 4, இரவு 9.30

வேட்டை அவர்கள் கேட்டதைச் சரிபார்த்தேன். தலை சுற்றுகிறது.

என் முதல் பதிவு தினமும் காலை 5.50க்கு. 2021 கோப்புகளில் அது 0020 என்று இருக்கிறது. 2022 மார்ச்சுக்குப் பிறகு 0550. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: வாங்கிய புதிதில் பலகை உலகப் பொது நேரத்தில் ஓடியது. நானும் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கழித்துக் கிரானில் எழுதினேன். பிறகு ஒரு நாள் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். மாற்றிய தேதியை எங்கும் குறித்துவைக்கவில்லை.

அதோடு, சில கோப்புகளைத் திறந்தால் பெயரில் மாலை 6.20 என்று இருக்கிறது, உள்ளே இரவுச் செய்தி ஓடுகிறது.

---

கைராட்டை
2025 ஜூன் 4, இரவு 11.05

கோவையிலிருந்து. வேலையாக நிரல் எழுதுகிறவள், பொழுதுபோக்காக வானொலி கேட்கிறவள், எனவே இந்த இழையை விட முடியவில்லை.

தேதி குறித்துவைக்காததற்கு வருந்த வேண்டாம். கோப்புகளே சொல்லிவிடும். பதிவாகும் கோப்பு கடைசியாக எழுதப்படுவது பதிவு முடியும் நொடியில். ஆகவே திருத்த நேரம் என்பது முடிவு நேரம். அதிலிருந்து பதிவின் நீளத்தைக் கழித்தால் உண்மையான தொடக்கம் கிடைக்கும். பலர் திருத்த நேரத்தையே தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் தள்ளிவிடுவார்கள்.

நீளத்தை எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் சொல்லும். அதன் சொல்லில் ஐயம் வந்தால் அளவை வைத்துக் கணக்கிடலாம்: நொடிக்கு 64 கிலோபிட் சீரான வேகம் என்றால் 65 நிமிடத்துக்கு 31.2 மெகாபைட். மாறும் வேகத்தில் பதிவானவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு தொடக்க நேரங்கள் இருக்கும். ஒன்று பெயர் சொல்வது, மற்றொன்று கணக்கு சொல்வது. இரண்டின் வித்தியாசத்தை மட்டும் ஓர் அட்டவணையாக எடுங்கள். பைத்தானில் இருபது வரிக்குள் முடியும். எந்தக் கோப்பையும் மாற்றாதீர்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு நிமிடம் என்றால் பெயர் சரி. மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் அது உலகப் பொது நேரம். இரண்டிலும் சேராத வித்தியாசம் வந்தால், அவைதான் நமக்குச் சுவையானவை. அவற்றைத் தனியே அனுப்புங்கள்.

கணக்குப் போடும்போது முடிவு நேரத்தை இந்திய நேரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபாட் வகைப் பென்டிரைவ் வழியாக ஏதாவது போய் வந்திருந்தால் சொல்லுங்கள். அதில் நேரம் மண்டலக் குறிப்பு இல்லாமல் பதிவாகும், இந்த அட்டவணையைக் குழப்பிவிடும்.

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 6, இரவு 10.48

பென்டிரைவ் எதுவும் இல்லை. அட்டவணை வந்துவிட்டது.

பெயரும் கணக்கும் ஒத்துப்போனவை 7,318. மிகச் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம் 1,436. அவற்றில் கடைசியானது 2022 மார்ச் 12, ஆக மாற்றிய நாளும் கிடைத்துவிட்டது! மகள் டேக் எழுதியதால் கணக்குச் செல்லாதவை 617. மீதி 41 கோப்புகளில் வித்தியாசம் தாறுமாறாக இருக்கிறது.

அந்த 41இல் ஒன்று. பெயர்: 2022 செப்டம்பர் 14, மாலை 6.20. திருத்த நேரம்: அன்று இரவு 9.32. நீளம் 65 நிமிடம். ஆக உண்மைத் தொடக்கம் 8.27. ஏன் என்று புரியவில்லை.

---

சிற்றலை வேட்டை
2025 ஜூன் 6, இரவு 11.20

41இல் எத்தனை கோப்புகளின் பெயர் 20ஆம் நிமிடத்தில் தொடங்குகிறது?

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 6, இரவு 11.34

எண்ணிப் பார்த்தேன். 41உம். எப்படித் தெரியும்?

---

சிற்றலை வேட்டை
2025 ஜூன் 7, காலை 6.40

மின்வெட்டு.

உங்கள் பலகையில் மின்கலம் வைத்த கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரம் மறந்துவிடும். முற்றிலும் மறக்காமலிருக்க, கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு சிறு நிரல் மணிக்கொரு முறை வட்டில் எழுதிவைக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்த அமைப்புகளில் மணிக்கொரு முறை நடக்கும் வேலைகள் ஒவ்வொரு மணியும் 17ஆம் நிமிடத்தில் நடப்பது வழக்கம். மின்சாரம் திரும்பியதும் பலகை கண் விழித்து, மணி 6.17 என்று நினைத்துக்கொள்கிறது. இணையம் வந்து உண்மை நேரம் தெரிய உங்கள் வீட்டில் மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் அதன் கணக்கில் 6.20 ஆகிவிட, கிரான் முந்திக்கொண்டு மாலைப் பதிவைத் தொடங்கிவிடுகிறது.

இணைப்பு இல்லாமலே எஃப்எஃப்எம்பெக் எப்படி ஓடியது என்பது மட்டும்தான் எனக்குப் புரியவில்லை.

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 7, காலை 7.15

இணைப்புக் கிடைக்கும்வரை விடாமல் முயன்றுகொண்டே இரு என்று நான்தான் எழுதியிருந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

---

கைராட்டை
2025 ஜூன் 7, காலை 9.02

வேட்டை அண்ணா, அந்த 17ஆம் நிமிடம் எனக்குத் தோன்றவே இல்லை.

கொல்லிடக்கரை, இனிமேலுக்கு ஒரு கடிகாரச் சில்லு வாங்கிப் பொருத்துங்கள், விலை அதிகமில்லை. அல்லது கடிகாரம் ஒத்திசைந்த பிறகுதான் பதிவு தொடங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பதிவாகும்போது கோப்புக்குத் தற்காலிகப் பெயர் ஒன்று இருக்கட்டும். முடிந்த பிறகே உண்மைப் பெயர் வைக்க வேண்டும். இல்லையென்றால் பெயர் மாற்றும் நிரல் பாதிப் பதிவைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கோப்புறையில் போட்டுவிடும்.

---

நாடாப்பெட்டி
2025 ஜூன் 7, இரவு 8.26

ரொறன்ரோவிலிருந்து. யாழ்ப்பாணத்தில் வீட்டார் பதிவு செய்த வானொலி ஒலிநாடாக்கள் இருநூறுக்கு மேல் என்னிடம் உள்ளன. எண்மமாக்கிக்கொண்டிருக்கிறேன். நேரம் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நேரமே எதிரி.

இலங்கை 1996 மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே புழங்கியது. அம்மா நாடா உறையில் "இரவு 9.15, பழைய நேரம்" என்று எழுதியிருப்பார். சிலவற்றில் வெறும் 9.45. அது எந்த நேரம் என்று நாடாவின் மறுபக்கத்தில் இருக்கும் செய்தியைக் கேட்டுத்தான் ஊகிக்கிறேன்.

ஆகையால் நான் பெயரில் நேர மண்டலத்தையும் எழுதுகிறேன். கொழும்பின் பெயரைக் கொடுத்தால் கணினியில் உள்ள நேர மண்டலத் தரவு 1996 மாற்றங்களைத் தானே கணக்கிட்டுவிடும். வன்னி நேரம் அதற்குத் தெரியாது. அதற்கு நானே +5.30 என்று கொடுக்கிறேன்.

தெரியாத இலக்கங்களுக்கு என்ன போடுவது என்பதே என் அடுத்த தலைவலியாக இருந்தது. ஓகஸ்ட் மாதம் என்று தெரியும், நாள் தெரியாது. சுழியம் போட்டால் அது உண்மையான எண் போல நடிக்கும். நேரத்தில் 00 என்றால் நள்ளிரவாகிவிடும். கடைசியில் ஆய்த எழுத்தைப் பிடித்தேன். ‘1996-08-ஃஃ’. எந்த இயக்குதளமும் மறுப்பதில்லை. குறியீட்டு வரிசையில் அடுக்கினால் எண்களுக்குப் பின்னால் வருவதால், நாள் தெரியாதவை மாதக் கடைசியில் போய் உட்காரும்.

---

கைராட்டை
2025 ஜூன் 7, இரவு 9.10

ஆய்தத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த கட்டம், நேரத்திலிருந்து நிகழ்ச்சிக்குப் போவது. ஓர் அட்டவணை தயாரியுங்கள்: நிலையம், கிழமை, தொடக்கம், முடிவு, நிகழ்ச்சி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. கடைசி இரண்டும் மிக முக்கியம். நிகழ்ச்சி நிரல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்றைய நிரலை வைத்து 2021க்குப் பெயர் வைத்தால் பொய்ப் பெயராகும்.

பதிவு 65 நிமிடம் என்பதால் ஒரே கோப்பில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் விழும். தொடக்க நேரத்தை மட்டும் பார்க்காமல், எந்த நிகழ்ச்சி எத்தனை நிமிடம் கோப்புக்குள் இருக்கிறது என்று பாருங்கள். முழுமையாக அடங்கியவை எல்லாவற்றின் பெயரும் கோப்பில் வரட்டும். ஓரத்தில் ஐந்து நிமிடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிடலாம். துண்டு துண்டாக வெட்ட இப்போது ஆசைப்பட வேண்டாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

கிழமைக்கு அடங்காதவையும் உண்டு. பிரதமரின் ‘மனதின் குரல்’ மாதத்தின் கடைசி ஞாயிறு காலை 11 மணிக்கு. அதற்குத் தனி விதி எழுத வேண்டும். நேர்முக வர்ணனை நாட்களுக்கு விதியே எழுத முடியாது.

---

பழைய வால்வு
2025 ஜூன் 8, காலை 5.58

நான் இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாற்பது ஆண்டு தஞ்சையில் ரேடியோ பழுதுபார்த்தவன். நிரல் தெரியாது, காது உண்டு.

அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை முழுக்க நம்பாதீர்கள் அம்மா. துக்க நாளில் எல்லாம் மாறி வாத்திய இசை ஓடும். கச்சேரி ஐந்து நிமிடம் நீளும், அடுத்த உரை தள்ளிப்போகும். நிகழ்ச்சி தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும் இடம் முகப்பு இசை. காலையில் நிலையம் திறக்கும் அந்த ஆகாசவாணி இசை இருக்கிறதே, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன் அமைத்தது, சிவரஞ்சனி ராகத்தில். அதைக் காலை தவிர வேறு நேரத்தில் கேட்டால் உங்கள் கோப்பின் நேரத்தைச் சந்தேகிக்கலாம்.

வேளாண் நிகழ்ச்சிகளைக் கவனமாகப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர். திருச்சி வானொலி சொல்லித்தான் விவசாயிகள் விதைத்தார்கள். கொல்லிடக்கரையின் அப்பா கரும்புப் பூச்சி நிகழ்ச்சியைத் திரும்பக் கேட்பதில் எனக்கு வியப்பே இல்லை.

---

கைராட்டை
2025 ஜூன் 8, காலை 10.30

ஐயா சொன்னதை நிரலும் செய்யும். முகப்பு இசையின் ஒரு பத்து நொடித் துண்டை மாதிரியாகக் கொடுத்தால், ஒரு மணி நேரப் பதிவில் அது எந்த நொடியில் வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு துண்டு சேர்த்துக்கொண்டே போகலாம். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியையும் ஓட்டிப் பார்த்தேன். அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாகப் பேசினால் தமிழை ஓரளவு பிடிக்கிறது. நாகஸ்வரம் வந்துவிட்டால் இல்லாத வசனங்களைக் கற்பனை செய்து எழுதித் தருகிறது. முதல் மூன்று நிமிடத்துக்கு மட்டும், அதுவும் பரிந்துரையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி ‘ஸ்ரீ’ புதிர். இது நம் மொழிக்கே உரிய தொல்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திரையில் ஒன்றாகத் தெரியும் ஸ்ரீ உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம். ஸகரத்தில் தொடங்கும் ‘ஸ்ரீ’ ஒன்று. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ எழுத்து சேர்ந்த பிறகு அதில் தொடங்கும் ‘ஶ்ரீ’ மற்றொன்று. உங்கள் விசைப்பலகை ஒன்றையும் மகளின் கைப்பேசி மற்றொன்றையும் தந்திருக்கும். யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தைக் குறிக்கும் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் வழி) இதைச் சரி செய்யாது, ஏனென்றால் யூனிகோடின் பார்வையில் இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதியை நீங்களே எழுத வேண்டும்.

கொ, கோ போன்றவை வேறு கதை. ‘ொ’ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். இதை இயல்பாக்கம் சரி செய்துவிடும். செய்யாவிட்டால் லினக்ஸில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதுபோல் தெரியும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது ஔகார உயிர்மெய். ‘கௌளை’ என்ற ராகப் பெயரைப் பலர் ககரத்துக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘கெளளை’ என்று எழுதியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் கிடைக்காது. இதையும் இயல்பாக்கம் தீர்க்காது.

---

ஒலிக்கீற்று
2025 ஜூன் 8, நண்பகல் 12.14

மூன்றாவதில் எச்சரிக்கை! நான் போன ஆண்டு "கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரமாக்கு" என்று கண்மூடித்தனமாக ஒரு மாற்று ஓட்டினேன். என் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகள் அத்தனையும் ‘வௌ்ளி’ ஆயின. வெளிநாடு, தெளிவு, கெளுத்தி மீன் குழம்பு, எதுவும் தப்பவில்லை. டேக்கில் என்பதால் திருப்பவும் முடியவில்லை. பழைய தலைப்புகளின் பட்டியல் எடுத்துவைக்கவில்லை.

---

கைராட்டை
2025 ஜூன் 8, நண்பகல் 12.40

ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் வெள்ளியும் தெளிவும் கெளுத்தியும் தப்பிக்கும். வெளவால் மட்டும் வௌவாலாகும். அது சரிதானே. இருந்தாலும் மாறப்போகும் சொற்களை முதலில் அச்சிட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகே மாற்றுங்கள்.

பெயரின் நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸ் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான். தமிழில் 85 குறியீடு. மெய்யெழுத்துக்கு எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறியீடு போகும் என்பதால் உண்மையில் ஐம்பது எழுத்துகூடத் தேறாது. மூன்று நிகழ்ச்சிப் பெயரையும் பேச்சாளரையும் ஒரே பெயரில் திணிக்க முடியாது. அவை டேக்குக்குப் போகட்டும். ஒலிக்கீற்று சொன்னதும் வீணில்லை.

நேரத்தில் முக்காற்புள்ளி வேண்டாம், விண்டோஸ் மறுக்கும். கோப்புறைப் பெயர் புள்ளியில் முடியக் கூடாது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. விண்டோஸ் அந்தக் கடைசிப் புள்ளியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

---

சிற்றலை வேட்டை
2025 ஜூன் 8, மாலை 4.05

என் பெயர் வடிவம்: ‘2022-09-14_2027_திருச்சி_செய்தி’. ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள். கோப்புறை: நிலையம், அதற்குள் நிகழ்ச்சி, அதற்குள் ஆண்டு. அதற்கு மேல் ஆழம் வேண்டாம்.

பெயர் மாற்றும் நாளில் நான்கு விஷயம். ஒத்திகை ஓட்டம் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். பழைய பெயர், புதிய பெயர், ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எண்) மூன்றையும் ஒரு பட்டியலில் எழுதிவிட்டே மாற்றுங்கள். அந்தப் பட்டியலைத் தலைகீழாக ஓட்டினால் எல்லாம் பழையபடி திரும்ப வேண்டும். அதையும் ஒத்திகை பாருங்கள். ஒரே பெயர் இரண்டுக்கு வந்தால் மேலெழுதாமல் நின்றுவிட வேண்டும்.

ஐயம் உள்ளவற்றுக்கு நிரல் பெயர் ஊகிக்கவே கூடாது. ‘பார்க்க வேண்டியவை’ என்று ஒரு கோப்புறை போதும்.

---

நாடாப்பெட்டி
2025 ஜூன் 8, மாலை 6.50

ஐந்தாவதாக ஒன்று சேர்க்கலாமா? பழைய பெயரை டேக்கின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். பட்டியல் தொலைந்தாலும் கோப்பு தன் பழைய பெயரைத் தானே சொல்லும். நான் நாடா உறையில் இருந்ததை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதிவைக்கிறேன்.

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 22, இரவு 10.02

இரண்டு வாரம் ஆயிற்று. எல்லோருக்கும் நன்றி சொல்லும் முன் கணக்கு.

நிகழ்ச்சி நிரல் அட்டவணைக்கு அப்பாவின் நினைவைத்தான் நம்பினேன். 2021இல் எந்தக் கிழமை எது வந்தது என்று மளமளவென்று சொன்னார். ஐந்து இடங்களில் அவரும் கோப்பும் முரண்பட்டார்கள். நான்கில் அவர் சொன்னதே சரி.

ஒத்திகை மூன்று முறை ஓட்டினேன். முதல் முறை சென்னையும் திருச்சியும் இடம் மாறின, என் பிழை. நேற்று உண்மை ஓட்டம். 9,412இல் 9,100 கோப்புகள் பெயர் பெற்றுவிட்டன. ‘பார்க்க வேண்டியவை’யில் 312. பெரும்பாலும் மகள் டேக் எழுதியவை: அவள் வைத்த தலைப்பும் நிகழ்ச்சி நிரலும் ஒத்துப்போகாதவை. கரும்புப் பூச்சி கிடைத்துவிட்டது. மூன்று முறை கேட்டாயிற்று.

ஒன்றுக்கு மட்டும் உங்களிடம் வழி கேட்கிறேன். பழைய பெயர் ‘ரெக்_20230110_1820’, திருச்சி. நிரலின்படி அது மாலை வேளாண் நிகழ்ச்சி. மகள் (அப்போது அவளுக்குப் பத்து வயது) எழுதிய தலைப்பு: "நிறையப் பேர் சேர்ந்து பாடும் பாட்டு". திருத்த நேரம் அழிந்துவிட்டது. 20ஆம் நிமிடம் என்பதால் மின்வெட்டு வகை என்று சந்தேகம். அப்படியென்றால் உண்மைத் தேதி எது?

---

பழைய வால்வு
2025 ஜூன் 23, காலை 6.10

கோப்பை அப்பாவிடம் போட்டுக் காட்டினீர்களா?

---

கொல்லிடக்கரை
2025 ஜூன் 23, இரவு 9.15

காட்டினேன் ஐயா. அரை நிமிடம்கூட ஆகவில்லை. "ஆரபி. கோஷ்டி கானம். பகுள பஞ்சமிடா, திருவையாறு" என்றார்.

தேடினேன். பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனை 2023இல் ஜனவரி 11. பெயரில் இருப்பதற்கு மறுநாள். அப்போதுதான் மனைவி சொன்னாள்: முந்தின நாள் மாலை துணி தேய்ப்பதற்காகப் பலகையின் பிளக்கைப் பிடுங்கி, காலையில்தான் திரும்பச் செருகினாளாம். ஆக மின்வெட்டு அல்ல, இஸ்திரிப் பெட்டி.

தொடக்கம் எத்தனை மணி என்று அப்பாவிடம் கேட்டேன். அங்கே சேர்ந்து பாடும் ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினத்தில் நாட்டை, கௌளை இரண்டும் முடிந்து மூன்றாவதுதான் ஆரபி. ஒன்பது மணிக்கு ஆரம்பித்திருந்தால் ஒன்பதரையை ஒட்டி இருக்கும், நிமிடம் வரை தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். ஆகவே நாடாப்பெட்டி அவர்களின் ஆய்தம் போட்டிருக்கிறேன்:

‘2023-01-11_09ஃஃ_திருச்சி_தியாகராஜ ஆராதனை’

மகள் எழுதிய தலைப்பை மாற்றவில்லை. மீதி 311 இருக்கின்றன. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வீதம் அப்பாவுக்குப் போடுகிறேன்.